சோத்தாங்கைப் பக்கம்

1987 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் வர ஏழு நிமிடம் தாமதம். முகம் மழித்து, குளித்து, வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். ஏழு இருபதுக்கு நான்கு இட்லி, வேர்க்கடலைச் சட்னி. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். ராகி மாவில் கொஞ்சம் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, தூண்டில் இரைக்கு நெல்லிக்காய் அளவில் பதினெட்டு உருண்டைகள் பிடித்துத் தூக்குப்போசியில் வைத்தேன். வானம் தெளிவு. காற்று இல்லை.

நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இத்தோடு நிற்கிறது. அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமை. நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதிலிருந்து அம்மை கண்ட நாட்களில்கூட இரண்டு வரியாவது எழுதியிருக்கிறேன். அந்தப் பாதிப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் வரைவாளர் வேலை. சாலைக்கும் வாய்க்காலுக்கும் அளவெடுத்து வருவதைத் தாளில் வரைந்து கொடுப்பது என் பொறுப்பு. எங்கள் அதிகாரிக்கு மீன் பிடிப்பதில் ஆசை. அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து ஒரு தூண்டில் கோல் கொண்டுவந்து தந்திருந்தார். நம் மூங்கில் தூண்டில்போல் அல்ல. கோலின் அடியில் ஒரு ரீல், அதில் நரம்பு சுற்றியிருக்கும், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. வீசியெறிந்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு திரும்ப வரும். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் தாள் எதுவும் கூட இல்லை. அதிகாரி அதை என் மேசைமேல் வைத்து, நீதான் எதையும் அளந்து பார்க்கிற ஆள், பார்த்துச் சொல் என்றார்.

இரண்டு மாலை அதோடு உட்கார்ந்தேன். கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. கோலை வலக்கையில் பிடித்தால் இடக்கையால் சுற்ற வேண்டும். எனக்கு அது ஒப்பவில்லை. கிணற்று ராட்டினம் முதல் தையல் மிஷின் சக்கரம் வரை நாம் சோத்தாங்கையால்தானே சுற்றுகிறோம்? பீச்சாங்கையால் சுற்றுவதற்கு ஒரு மிஷினை யார் செய்வார்கள்? யோசித்து, கோலைத் தலைகீழாகத் திருப்பினேன். ரீல் மேலே வந்தது. கைப்பிடி வலப்பக்கம் வந்துவிட்டது. முன்னால் சுற்றினால் நகரவில்லை, நம் பக்கமாக இழுத்துச் சுற்றினால் நரம்பு ஏறியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என்று மூன்று கோணத்தில் மை போட்டு வரைந்து, கையின் இடத்தை அம்புக்குறியால் காட்டி, அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் ஞாயிறுதோறும் அப்படித்தான் பிடித்தோம். வீசினால் இரை உருண்டை முப்பதடிகூடத் தாண்டாது. மீன் சரியில்லை என்று பேசிக்கொள்வோம்.

இனி பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் கடிகாரம் பழுது பார்ப்பவர். என் வயதுதான். கடிகாரம் மட்டுமல்ல, திசைகாட்டி, தராசு, மட்டம் பார்க்கும் லெவல் கருவி என்று நுணுக்கமான எதையும் பிரித்துச் சேர்ப்பார். என் வரைகருவிகளை அவரிடம்தான் கொடுப்பேன். பொருளை வாங்குவதும் தருவதும் எப்போதும் வலக்கையால். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்ததும், இடுக்கி இடக்கைக்குப் போய்விடும். நான் ஒருநாள் கடைக்குள் போய் நின்றபோது அதைப் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு வைக்கிற வாட்சை இந்தக் கையாலா தொடுவாய் என்று ஒருவர் பாதி வேலையில் பிடுங்கிக்கொண்டு போன கதையை அன்றுதான் சொன்னார். பெட்டியின் முன்பக்கக் கண்ணாடிக்கு உள்ளே நாள்காட்டி ஒட்டியிருந்ததற்குக் காரணம் அதுதான். "உங்களோட இருக்கட்டுங்க சார்," என்றார். இருக்கும் என்றேன்.

அந்த ஆண்டு பொங்கல் முடிந்ததும் கட்டட உரிமையாளர் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இடித்துக் கட்டப்போகிறாராம். மார்ச் கடைசி வரை கெடு. வேறு இடம் அமையவில்லை. எங்கள் அலுவலகத்தின் லெவல் கருவிகளைச் சேலத்துக்கு அனுப்பிப் பழுது பார்ப்பது வழக்கம். அந்த வேலை தமக்குக் கிடைத்தால், கடை இல்லாவிட்டாலும் வீட்டிலேயே உட்கார்ந்து செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்று பாய் என்னிடம் இரண்டு முறை சொல்லிக் கேட்டார். அதிகாரியிடம் சொன்னேன். ஆளைப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கூட்டி வா என்றார். அந்த ஞாயிறுதான் இது.

இண்டூரைத் தாண்டி ஒரு ஏரி. அதில் மீன் குத்தகை எடுத்திருந்த குத்தகைக்காரர் அதிகாரிக்காக வேலமர நிழலில் பெஞ்சு போட்டிருந்தார். கூட அவருடைய ஆட்கள் இரண்டு பேர். பாய் தோய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அதிகாரி கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். லெவல் கருவியின் குமிழி ஏன் ஒரு பக்கம் ஒதுங்குகிறது என்று அவர் விளக்கியது அதிகாரிக்குப் பிடித்திருந்தது. தேநீர் கொடுத்தபோது டம்ளரை வலக்கையால் வாங்கினார். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். எனக்கு மட்டும் அது தெரிந்தது.

பத்து நாற்பதுக்கு அதிகாரியின் தூண்டிலில் மீன் சிக்கியது. நரம்பு சரசரவென்று நீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அவர் பதற்றத்தில் கைப்பிடியை முன்னால் சுற்றப் பார்த்தார். அது நகரவில்லை. எம்பக்கமா, உம்பக்கமா என்று என்னைக் கேட்டார். நான் உங்க பக்கமா சார் என்று கத்தினேன். கைப்பிடி விரல் முட்டியில் அடித்தது. நரம்பு வளையம் வளையமாகத் தளர்ந்து அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

பாய் ஓடிப்போய்க் கோலை வாங்கினார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. கை தானாகக் கோலைப் புரட்டியது. ரீல் கீழே போனது. வலக்கை கோலைப் பிடித்தது, இடக்கை கைப்பிடிக்குப் போனது. முன்னால் சுற்றினார். அவ்வளவு லேசாகச் சுற்றியது. மீன் ஓடும்போது விட்டு, நின்றபோது சுற்றி, ஐந்து நிமிடத்தில் இரண்டு கிலோவுக்குக் குறையாத ரோகு கெண்டையைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

குத்தகைக்காரர் முதலில் மீனைப் பார்த்தார், பிறகு கோலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப மூணு மாசமா நாம கோல தலகீழாவா புடிச்சிட்டிருந்தோம்? படம் வேற போட்டுக் குடுத்தீங்களாமே சார்."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அதிகாரியும் முட்டியை ஊதிக்கொண்டே சிரித்தார். மூன்று கோணத்தில் மை போட்டு வரைந்த படம் அது. நான் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு மீனுக்குப் போயிருக்கும். நான்தான் பேசினேன்.

"கோல் ஒண்ணும் தலகீழ் இல்லீங்க. பாய்க்கு எல்லாமே பீச்சாங்கை. கடையிலயும் அப்புடித்தான். நாள்காட்டிய ஒட்டி மறைச்சு வெச்சிருக்காரு. அவருக்கு அது தோதா இருக்குது, நமக்கு இருக்குமா?"

இன்னும் பெரிய சிரிப்பு. குத்தகைக்காரரின் ஆள் ஒருவன், "பாய், மீனை எந்தக் கையில தொட்டீங்க, சொல்லிடுங்க, கொழம்பு வைக்கணும்," என்றான். பாயும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கோலைக் கீழே வைத்தார். இரு கையையும் ஏரித் தண்ணீரில் கழுவினார். கொஞ்ச நேரம் கழுவினார்.

அதிகாரி கெட்டவர் அல்ல. அவர் முகத்தில் கோபமோ அருவருப்போ இல்லை. "ஓகோ" என்று மட்டும் சொன்னார். ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும்போது என்னை ஜீப் பக்கம் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சுக் கும்புடற கருவிங்க. ஆபீஸ்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. பழையபடி சேலத்துக்கே அனுப்பிடலாமா? உனக்குத்தான் அவரத் தெரியும். நீ சொல்லு."

என் வரைகருவிகள் எட்டு வருடமாக அந்தக் கையில்தான் சீராகின்றன என்று சொல்லியிருக்கலாம். என் படம் தவறு, அவர் பிடித்த விதம்தான் சரி என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. கேள்வி என்னிடம்தான் வந்தது, பதில் சொல்ல நேரமும் இருந்தது.

"நீங்க பாத்து எது சொன்னாலும் சரிங்க சார்," என்றேன்.

பாயும் நானும் சைக்கிளில் திரும்பினோம். ஜீப் பக்கம் என்ன பேசினோம் என்று அவர் கேட்கவில்லை. இண்டூர் தாண்டி ஒரு மேட்டில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது கேட்டார்.

"சார், அந்த ரீலுக்கு வலப்பக்கம் சின்னதா ஒரு மூடி இருக்குது, பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். என் படத்தில் அதையும் வரைந்திருந்தேன். அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன்.

"அத திருகிக் கழட்டினா கைப்பிடிய சோத்தாங்கைப் பக்கமே மாட்டிக்கலாங்க. யாருக்கு எந்தக் கை வருதோ அந்தப் பக்கம். போன வாரம் நீங்க கடையில படத்தோட நகலக் காட்டினப்பவே தெரிஞ்சுது."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரலில் அதட்டல் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"உங்க அதிகாரி மேசையில இருக்குற படம்னு சொன்னீங்க. அதப் போயி தப்புன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்காதுங்க. அதான் வுட்டுட்டேன்."

குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். மேடு முடிந்ததும் சைக்கிளில் ஏறிக்கொண்டார். அவர் வீட்டுக்குப் பிரியும் இடத்தில் கை தூக்கி, வரேங்க சார் என்றார். நானும் வரேன் என்றேன். மன்னித்துவிடுங்கள் என்ற சொல் நாக்குவரை வந்ததா என்றால், இல்லை. அப்போது என் மனத்தில் ஓடியது, மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து அந்தப் படத்தை எப்படி எடுப்பது என்பதுதான்.

இரவு நாட்குறிப்பைத் திறந்தேன். பிடித்த மீன் ஒன்று, ரோகு கெண்டை என்று எழுத வேண்டும். பிடித்தவர் பெயரை எழுத வேண்டும். எப்படிப் பிடித்தார் என்று எழுதினால் மற்றதையும் எழுத வேண்டும். நாட்குறிப்பில் பொய் எழுதியதில்லை என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அதனால் எழுதாமல் மூடிவைத்தேன்.

பாய் மார்ச் மாதம் கடையைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு ஓசூர் பக்கம் போனார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். போகும் முன் என் வரைகருவிப் பெட்டியைச் சரிபார்த்து அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். திருகுகளுக்கு எண்ணெய் போட்டிருந்தது. அவரைப் போய்ப் பார்க்க ஆறு வாரம் இருந்தது. நான் போகவில்லை.

ஏரிக்குப் போய்வந்த மறுநாள், பிப்ரவரி 16ஆம் தேதியின் பக்கம் முழுதாக இருக்கிறது, தெளிவான கையெழுத்தில். காலை ஒன்பது ஐம்பதுக்கு அலுவலகம் சேர்ந்தேன். முதல் வேலையாக, லெவல் கருவிகள் ஏழையும் பழுது பார்க்க அனுப்புவதாகச் சேலத்துக் கடைக்குக் கடிதம் எழுதி, பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்து, கையெழுத்துக்கு உள்ளே அனுப்பினேன்.