கழுவி அனுப்புவதோடு சரி

“கழுவி அனுப்புறதோட என் வேலை முடிஞ்சுது. அப்புறம் தங்குச்சா, தங்கலையான்னு பதினேழு வருஷத்துல ஒருத்தரைப் பத்தியும் நான் கேட்டதில்ல” என்று மருத்துவமனை ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தே அறிவித்தவர் அந்த லேப் மேடம். கைதட்டியவர்களில் பெரிய டாக்டரும் உண்டு.

கழுவுவது பாத்திரம் அல்ல. குழந்தை வேண்டி வரும் தம்பதியரில் கணவனின் விந்தைச் சுழலும் மெஷினில் இட்டுச் சுத்தம் செய்து, சோம்பேறிகளைக் கழித்து, ஓடுகிற அணுக்களை மட்டும் சிறு குழாயில் டாக்டரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அதை மனைவியின் கருப்பைக்குள் செலுத்துவார். பெண்ணைப் பெற்றவர்கள்கூட மாப்பிள்ளையை இவ்வளவு கறாராகப் பார்த்ததில்லை. “இது ஓடுது. இது நின்ன இடத்துலயே பம்பரம் விடுது. இது எங்க வீட்டுக்காரர் ஜாதி, படுத்தே கிடக்குது” என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி மேடம் எண்ணிக்கொண்டே போவார். இடையில் யாராவது தும்மினால் மறுபடி ஒன்றிலிருந்து.

ராசியான சட்டை போட்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “சட்டையா உள்ள போகுது? பொண்ணுக்கு வயசு ஏறக் கூடாது, கருக்குழாய்ல அடைப்பு இருக்கக் கூடாது, முட்டை வெடிக்க ஊசி போட்ட ஒன்றரை நாள்ல வேலை முடியணும். இத்தனையும் சரியா இருந்தாலும் நூத்துல பதினஞ்சு பேருக்குத்தான் தங்கும். போய் உக்காருங்க.”

பஸ் டிரைவர் ஒருவர் மூன்றாம் முறை வந்தபோது, வீட்டிலிருந்து கொண்டுவந்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்துப் பெருமையோடு நீட்டினார். “கெடாம இருக்கட்டும்னு மேடம்.”

“பாலாங்க இது? எல்லாம் விறைச்சுப் போச்சு!”

அந்த மாதம் வீண். டிரைவரின் மனைவி தையல்காரி, வயது முப்பத்தெட்டு. இன்னும் ஒரு முறைதான், அதற்குமேல் இந்த வழியில் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல்காரி யாரையும் திட்டவில்லை. மேடம்தான் அன்று முழுக்க எல்லாரையும் திட்டினார்.

நான்காம் முறை, டிரைவர் டப்பாவைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து, நிறைமாதக்காரியைப் போலப் படியேறி வந்தார். மேடம் சிரிக்கவில்லை. அன்று எண்ணிக்கையை மூன்று முறை சரிபார்த்தார். இரண்டு வாரம் கழித்து மனைவிக்கு ரத்தப் பரிசோதனை செய்து, முடிவைப் போனில் சொல்லும்படி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

முடிவு தெரியும் அந்த நாள் மேடத்துக்கு வார விடுமுறை. பத்து மணிக்கே வந்து நின்றார்.

“என்னக்கா, லீவு நாள்ல?” என்றாள் வரவேற்பறைப் பெண்.

“சுத்துற மெஷின் நேத்து ஒரு மாதிரி சத்தம் போட்டுச்சு. பாத்துட்டுப் போறேன். நீ உன் வேலையப் பாரு.”

லேபுக்குள் போய்க் கதவைப் பாதி திறந்து வைத்தபடி, வெறும் குழாய்களைப் போட்டு மெஷினைச் சுழலவிட்டார். அது வழக்கமான சத்தத்தையே போட்டது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே சத்தம்.

பதினொன்றரைக்கு வரவேற்பறையில் போன் அடித்தது.

“சொல்லுங்க டிரைவர் அண்ணா” என்றாள் அந்தப் பெண்.

உள்ளே ஒரு கை நீண்டு மெஷினை நிறுத்தியது.