பூதக்கண்ணாடியின் சிவப்புப் பொட்டு

பூதக்கண்ணாடி பட்டறைக்குள் கால் வைத்தாலே கெட்டுப்போன கம்ப்யூட்டர்கள் பயந்து தாமாகச் சரியாகிவிடும். எல்லாம் இல்லை, பாதி. பாதி என்பதும் கொஞ்சம் கூடுதல்தான். ஒரே ஒரு பிரிண்டர் ஒரு தடவை அப்படிச் செய்தது.

பழுது பார்க்கும் அவளுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவள் அண்ணி. மோரையும் ஊதிக் குடிக்கிறவள் பூதக்கண்ணாடி. கைக்கு வந்த பாகத்தை யாரும் மாற்றிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைப்பாள். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் அண்ணன் கொடுத்ததற்கும் பொட்டுதான்.

தெருவில் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. திரையில் கார்ப் பந்தயம் என்றால் காற்றாய்ப் பறப்பாள். பந்தயம் ஆடும் கம்ப்யூட்டருக்கென்று, திரையில் படம் ஓட்டும் புதுக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை அண்ணன் கடையில் வாங்கினாள். பொட்டு வைத்து, மாட்டி, தயாரித்தவர்களின் இணையதளத்திலிருந்தே அதை இயக்கும் மென்பொருளான புது டிரைவரை இறக்கினாள். கார்டு இல்லாமலே மதர்போர்டின் தயவில் எரிந்த திரை கையை விரித்தது: 'பொருத்தமான கார்டு எதுவும் இல்லை.' பழைய டிரைவரைத் துடைத்து அழித்து மறுபடி போட்டாள். அதே பதில்.

முதலில் தளத்தைச் சந்தேகித்தாள். பிறகு மின்சாரத்தை. கடைசியில் கூடப் பிறந்தவனை. போனைப் போட்டாள்.

"அண்ணா, புது டப்பாவுல பழசை வச்சுக் குடுத்திருக்கே. வந்து எடுத்துட்டுப் போ. இனி உன் கடைப்படி மிதிக்க மாட்டேன்."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காலையில் அண்ணனும் அண்ணியும் பட்டறைக்கு வந்தார்கள். அண்ணன் முகம் தொங்கிக்கிடந்தது.

"உனக்குப் போய் நான் ஏமாத்துவேனா, தங்கச்சி?"

"யாரைத்தான் நம்புறது? இந்தா, பாரு." அவள் கார்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அண்ணி அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள். அடி விளிம்பில், ஸ்லாட்டுக்குள் நுழையும் பொன்னிறப் பற்கள் மேல் சிவப்பாக ஒரு கோடு. காய்வதற்குள் பூதக்கண்ணாடி கார்டைச் சாய்த்து வைத்திருக்கிறாள். பொட்டு ஒழுகி இறங்கிவிட்டது.

"ஏன்டி, பல்லுக்குமா நகப்பூச்சு? மின்சாரம் எந்த வழியா போகும்? ஆமா, இந்தக் கலரை எங்கேயோ பார்த்திருக்கேனே... போன மாசம் என் மேசையிலேர்ந்து காணாமப் போன புட்டி!"

பூதக்கண்ணாடி இழுப்பறையிலிருந்து அந்தப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அண்ணி கைப்பையிலிருந்து நகப்பூச்சு நீக்கியும் பஞ்சும் எடுத்துத் துடைத்தாள். கார்டை மாட்டினார்கள். டிரைவர் முணுமுணுக்காமல் ஏறியது. பந்தயக் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அண்ணனும் சிரித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து மடிக்கணினியோடு வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் தலைநீட்டினார். "என்னக்கா, உங்க கம்ப்யூட்டர்லயே ஏதோ பெரிய கோளாறுன்னு சொன்னீங்களே?"

"அது ஒண்ணுமில்லைங்க. பார்த்தேன், அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டேன்."

"அரை நிமிஷம் சரிதான்," என்றாள் அண்ணி, புட்டியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டே. "ஆனா கண்டுபிடிச்சது நான். இவ அண்ணனைத் திருடனாக்குனது முழுசா ரெண்டு நாள்."