கித்தாருக்குப் பிக்கப் மாற்றினேன், அக்காவுக்குத் தொண்டை போனது

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு எஸ்தர் அக்கா வந்தாள். என் கூடப்பிறந்தவள். வாயைத் திறந்தாள். காற்று மட்டும்தான் வந்தது.

அக்கா வாரம் முழுக்க ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவள். லீவு நாளில் எங்கள் மெல்லிசைக் குழுவில் பாடுபவள். ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்க, இவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி வாய்க்குள் பாடிக்கொண்டே வருவாளாம். அப்படிப்பட்டவளுக்குக் குரல் போய்விட்டது.

யாரால்? சொல்கிறேன். எரிச்சலை அடக்கிக்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் குழு சின்னது. அக்கா பாட்டு. நான் எலெக்ட்ரிக் கித்தார். கீபோர்டு பாஷா பாய் – பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். ரிதம் பேட் தட்ட அந்தந்த நேரத்துக்கு யாராவது கிடைப்பார்கள்.

மானாம்பதியில் ஒரு காதுகுத்து. பந்தல் முழுக்க சீரியல் லைட், பின்னாலேயே ஜெனரேட்டர். கித்தாரைச் சொருகியதுமே ஸ்பீக்கரில் "ங்ங்ங்..." என்று இரைச்சல். முன் வரிசையில் இருந்த ஒருவர், "இன்னாபா, உள்ள வண்டு பூந்துகிச்சா?" என்று கேட்டார். வாசிக்க ஆரம்பித்தால் இரைச்சல் அடங்கும் என்று பார்த்தேன். என் வாசிப்புதான் அடங்கியது. தகர டப்பாவில் ஆணியை உருட்டுகிற மாதிரி மெல்லிசான சத்தம். என் சோலோ வருகிற இடத்தில், பாஷா பாய் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தி, கித்தார் சத்தத்திலேயே அதை வாசித்து முடித்துவிட்டார். கைதட்டல் வேறு.

"இன்னா பாய், அது என் சோலோ."

"உன்னுது கேக்கவேயில்ல நைனா. ஜனம் பாத்துக்கினு கீது. நான் இன்னா பண்றது?"

குத்தலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. கொஞ்ச நாளில் "கித்தாருக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு?" என்று பேச்சு வராமல் இருக்குமா?

பிக்கப்பை மாற்றுவது என்று முடிவு செய்தேன். அக்காவிடம் சொன்னேன். "இருக்கிற பைக்குக்கே பெட்ரோல் போட மாட்ற, உனக்கு எதுக்கு பிக்கப்பு வண்டி?" என்றாள்.

வண்டி இல்லை. கித்தார் கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் காந்தத்துக்குப் பெயர் பிக்கப். அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டியிருப்பார்கள். மேலே கம்பி அதிர்வதை அந்தச் சுருள் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். என்னுடையது ஒற்றைச் சுருள். பாட்டோடு ஜெனரேட்டரையும் சேர்த்து வாங்கும். இரட்டைச் சுருள் போட்டால் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று தின்றுவிடும். சத்தமும் தடியாக, முரட்டுத்தனமாக வரும். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆர்டர் போட்டேன். வந்தது. கித்தாரில் ஓட்டை சின்னது, வந்த பொருள் பெரியது. 'எல்லா கித்தாருக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தான்... அந்த எல்லாவில் என் கித்தார் மட்டும் சேராதா? அரம் வைத்து நானே ராவினேன். அன்றைக்கு என் கடையில் ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்தவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் தூளைத் தட்டிக்கொண்டே போனார்கள்.

ஈயம் வைத்து ஒயரைச் சேர்க்க குணாவிடம் போனேன். டிவி, மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவர். பிக்கப்பிலிருந்து கலர் கலராக ஒயர் தொங்கியது.

"குணா, எந்த கலர் எதுன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும். போன்ல படம் வெச்சிருக்கேன், பாத்துட்டு வை."

"செவப்புன்னா ப்ளஸ்ஸு, கருப்புன்னா மைனஸ்ஸு. உலகம் பூரா அதாண்ணா. நீ கம்முனு ஒக்காரு."

உட்கார்ந்தேன். வைத்தார். சொருகித் தட்டினேன். சளி பிடித்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற சத்தம். பழசே தேவலை என்று ஆகிவிட்டது. ஒயர் மாறியதால் ஒரு சுருள் சொல்வதை இன்னொரு சுருள் அழித்துக்கொண்டிருந்தது.

"மாத்தி வெச்சிட்ட குணா."

"நான் வெச்சது கரெக்ட்டு. உன் பிக்கப்புதான் ராங்கு."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள் நீங்கள்? நான் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு ஒயராகக் காட்டினேன். வேண்டாவெறுப்பாக மாற்றி வைத்தார். அடிக் கம்பியைத் தட்டினேன்... அவர் கடை ஷட்டர் அதிர்ந்தது. இரைச்சல் துளி இல்லை. வெல்லப்பாகு மாதிரி கெட்டியான சத்தம்.

"நான்தான் சொன்னேனே" என்றார் குணா.

அடுத்த புரோகிராம் தென்னேரியில், கல்யாண ரிசப்ஷன். முதல் பாட்டிலேயே புது பிக்கப்பை அவிழ்த்துவிட்டேன். பாஷா பாய் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் கீபோர்டு சத்தத்தைக் கூட்டினார். தனக்குக் கேட்கவில்லை என்று பேட் தட்டுகிறவர் கூட்டினார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? சவுண்ட் சர்வீஸ்காரராவது யாரையாவது குறைப்பார் என்று பார்த்தால், அவர் மொத்தத்தையும் சேர்த்து ஏற்றினார்.

நடுவில் அக்கா. திரும்பித் திரும்பி என்னிடம் கையை ஆட்டினாள். பாட்டை ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் தலையை ஆட்டினேன். தன் குரல் தனக்கே கேட்காமல் அவள் கத்திக் கத்திப் பாடியிருக்கிறாள். முடிந்ததும் வெந்நீர் கேட்டாள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் அவள் கடைக்கு வந்தது. கையில் டாக்டர் சீட்டு.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "பேசவே கூடாதுன்னாரு. இத்தோட பாடுனா மொத்தமா பூடுமாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன்னுது பத்தலன்னா நீ வேற வாங்கி மாட்டிக்கிற. எனக்கு இத்த எங்க விக்கிறாங்க?"

சொல்லிவிட்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கஸ்டமர் நீட்டிய ஒரு ரேஷன் கார்டைத் தலைகீழாக வைத்து ஜெராக்ஸ் எடுத்தேன்.

அதன் பிறகு வீட்டில் அவளுக்குச் சைகைதான். ஒத்துக்கொண்ட புரோகிராமை வேறு குழுவுக்கு விட்டுக்கொடுத்தோம். குரல் திரும்பி வராமலே போய்விட்டால்? அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பாஷா பாயிடம் போய், இனிமேல் சத்தத்தைக் குறையுங்கள் என்றேன்.

"ஆரம்பிச்சது யாரு? நீ மொதல்ல கொறை, அப்பால நான் கொறைக்கிறேன்."

"நீங்க கொறைச்சா நான் ஏன் பாய் கூட்டப்போறேன்?"

"அதே பேஜார்தான் எனக்கும்."

இப்படியே பேசி அவர் கடையில் ஒரு மத்தியானம் போனது.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பிக்கப்பின் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ உண்டு. திருகினால் பிக்கப் கம்பியை விட்டுக் கீழே இறங்கும். நான் ஆசையில் கம்பியை இடிக்கிற அளவுக்கு ஏற்றி வைத்திருந்தேன். இறக்கினேன். சத்தம் குறைந்தது... கனம் குறையவில்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. இதை அந்த வீடியோவில் ஒருத்தனாவது சொன்னானா?

அக்காவுக்குக் குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் கரகரப்பு, அப்புறம் பேச்சு, கடைசியில் பாட்டு. போன ஞாயிறு புள்ளலூரில் சர்ச் ஆண்டு விழா, மத்தியானம். அக்கா மேடைக்கு வந்தவள் எங்களைப் பார்க்கவே இல்லை. நேராக சவுண்ட் சர்வீஸ்காரரிடம் போனாள்.

"அண்ணே, எல்லாத்தையும் கீய எறக்கு. என் மைக்கு மட்டும் வை."

இறக்கினார். வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு சரணம் பாடினாள். மேல் ஸ்தாயியில் குரல் லேசாகப் பிசிறியது. பிசிறியது... ஆனால் நின்றது. பாடி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இதான் அளவு. இதுக்கு மேல எவன் ஏத்துனாலும் நான் மைக்க வெச்சிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

வாசித்தோம். இத்தனை வருஷம் அவள் பின்னால் நின்று வாசித்திருக்கிறேன்... ஒரு வரியின் கடைசியில் அவள் மூச்சை எப்படி மெல்ல விடுகிறாள் என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. என் சோலோவும் கேட்டது. தடியாகவே கேட்டது. பாய் பட்டனைத் தொடவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். நேற்று மத்தியானம் பாஷா பாய் என் கடைக்கு வந்தார். கீபோர்டுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய ஸ்பீக்கர் ஆர்டர் போட்டிருக்கிறாராம். "அக்காவாண்ட நீயே பக்குவமா சொல்லிடு நைனா" என்றார்.

நான் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.