கோட்டு சொன்ன சேதி

கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு குடோனில் பேக்கிங் வேலை பார்த்தேன். ஆன்லைனில் ஆர்டர் போடும் சாமான்களைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்ட வேண்டும். திடீரென்று எங்கள் எல்லோருக்கும் கையில்லாத கோட்டு ஒன்று கொடுத்தார்கள். சுடிதாருக்கு மேலே இறுக்கமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே தைத்திருந்த பட்டைகள் நெஞ்சுத் துடிப்பு, உடம்புச் சூடு, நடை, குனிவு எல்லாவற்றையும் சூப்பர்வைசரின் செல்போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சும்மா நின்றால் இடுப்பில் வெடுக்கென்று அதிரும்.

"எல்லாம் உங்க ஆரோக்கியத்துக்குத்தாம்மா" என்றார் அவர்.

அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. முதல் கர்ப்பம் கலைந்தபோது மாமியாரிடம் கேட்ட பேச்சே போதும். இந்த முறை ஸ்கேன் பார்க்கிறவரை வாயைத் திறப்பதில்லை என்றிருந்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை ஷிஃப்ட் தொடங்கும்போது, எல்லோரும் வரிசையில் நிற்க, சூப்பர்வைசர் செல்லைப் பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, கொஞ்ச நாளா ஒனக்கு ஹார்ட்பீட் எகிறிக்கினே கீது. சூடும் ஜாஸ்தி. பாத்ரூமுக்கு வேற ஓடிக்கினே கீற. விசேஷமா?"

ஆண்கள் பக்கம் யாரோ விசிலடித்தார்கள். நான் தலைகுனிந்ததே பதிலாகிவிட்டது. பக்கத்து டேபிள் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு கன்னத்தைக் கிள்ளினாள். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் சொன்னார்: "இனிமே வர வேணாம். ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களுக்குத்தான் பேஜாரு. கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டுக் கெளம்பு."

அங்கேயே கழற்றினேன். என் வியர்வை காயாத அதை, கேட்டருகே வேலை கேட்டு நின்றிருந்த ஒரு பெண்ணுக்கு மாட்டிவிட்டார்கள்.

என் கணவர் பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அன்று சாயங்காலமே அவர் ஆட்டோவில் ஏறிய குடோன் ஆள் ஒருவன், "மச்சான், அப்பா ஆகப்போற, டிரீட் இல்லியா?" என்று கேட்டிருக்கிறான். பாதி சவாரியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"எனக்கே தெரியாதது அந்த சூப்பர்வைசருக்கு எப்படிடீ தெரியும்?"

"கோட்டு காட்டிக் குடுத்துடுச்சுங்க."

"துணி பேசுதா? யாருக்குக் காது குத்துற?"

ஸ்பீக்கரில் அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, நடந்ததை இவர்கிட்ட நீங்களே சொல்லுங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் இங்க வேலைல இருக்கணும், என்னை இழுக்காத" என்று வைத்துவிட்டாள்.

அவர் அடிக்கவில்லை. என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கணவர் அவளைத் தூக்காமல், முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். போன மாதம் தன் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அவரிடம் சைக்கிள் கேட்டாள். "போய் அந்த சூப்பர்வைசரைக் கேளு" என்றார், சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல்.

"அது யாரும்மா?" என்று என்னிடம் ஓடிவந்தாள். தெரியாத ஆள் என்று சொல்லிவிட்டு, அவரது தட்டில் குழம்பு ஊற்றினேன்.