பிள்ளையாரைச் சுற்றிப் பழகிய எட்டு

மக்களுக்குப் பிரச்சினை தீர்க்கும் திறனைக் கற்பிப்பது என் தொழில். அதற்கு ஏழு படிமுறைகள் உண்டு. நித்திரையிலும் ஒப்புவிப்பேன். அந்தத் தொழில் நிலைக்க எனக்கு வேண்டியிருந்தது மோட்டார் சைக்கிள் லைசன்ஸ். நான் வகுப்பெடுக்கப் போகும், வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கு பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. மூன்று மாதத்துக்குள் லைசன்ஸ் எடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று அலுவலகம் அன்போடு கடிதம் தந்தது.

பழக்க முன்வந்தவர் என் கணவர். இருபது வருடம் ஓட்டியவருக்குப் பழக்கவும் தெரியும் என்பது அவருடைய துணிபு. இடம், கோயில் வெளிவீதி. அங்கே அரசமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். மரத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்த நான் ஒருநாள் இடப்பக்கமாகத் திருப்பியதும், கணவர் ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்துவிட்டார்.

"இஞ்ச, என்ன வேல இது? புள்ளையார இடமாச் சுத்தப்படாது. வலமாப் போங்க."

"பரீட்சையில எட்டுப் போடணுமே?"

"வட்டம் வந்தாச் செரி. எட்டெண்டுறது ரெண்டு வட்டம்தானே."

கணக்குச் சரியாகத்தான் பட்டது. இரண்டரை மாதம் பக்தியோடு வலப்பக்கம் மட்டுமே திரும்பினேன். எட்டில் ஒரு வட்டம் வலம், மற்றது இடம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஏழு படிமுறைக்காரிக்கும் தோன்றவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரீட்சையில் முதல் வட்டம் அழகாக வந்தது. இரண்டாவதில், அடையாளத்துக்கு நட்டிருந்த கம்பத்தோடு சாய்ந்தேன். பரிசோதகர் குனிந்து, "தங்கச்சி, இடப்பக்கம் திரும்பவே தெரியாதா?" என்றார். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பயந்திட்டீங்க, அதுதான்" என்று கணவர் வீடு வரைக்கும் விளக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. அதில் பாதி என் மேல்.

அடுத்த பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. அதை விட்டால் வேலையும் இல்லை. வாவிக்கரை வெளியில் இரண்டு தண்ணீர்க் கான்களைக் கம்பங்களாக வைத்து, தனியாக, இடப்பக்கம் மட்டும் சுற்றினேன். முழங்கை உரிந்தது. ஐந்தாம் நாள் திருப்பம் பிடிபட்டுவிட்டது. பரீட்சையிலும் பாஸ். "நான் பழக்கின பழக்கம்" என்று அவர் சொந்தக்காரருக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னார்.

அடுத்த கிழமை படுவான்கரையில் பெண்களுக்கு வகுப்பு. ஒருவர் எழுந்து, "மிஸ், ஒரு பிரச்சினை வந்தா முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"உதவிக்கு வந்து நிக்கிற ஆள முதல்ல வீட்ட அனுப்புங்க" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.