அந்த வியாழக்கிழமை நியாஸ் மாமா எங்கள் வாசலுக்கு வந்திருந்தார்

"துவக்கு நியாஸ் வபாத்தாகிவிட்டார்." இன்று காலை பள்ளிவாசல் ஸ்பீக்கரில் இப்படித்தான் சொன்னார்கள்.

மௌத்து அறிவித்தலிலும் அந்தப் பட்டப்பெயர்... எனக்கு அதுதான் முதலில் காதில் விழுந்தது. அவர் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது. ஹார்ட் அட்டாக்காம்.

இந்தப் பக்கத்தில் நான் தைத்த சட்டைகளின் போட்டோ மட்டும்தான் போடுவேன். இன்று மட்டும் இதை எழுதுகிறேன்.

நியாஸ் மாமா எங்கள் முன்வீட்டுக்காரர். சொந்தமில்லை, பழக்கத்தில் மாமா. இருபது வருஷத்துக்கு மேல் ஆமியில் இருந்தவர். சண்டை நடந்த காலத்தில் வடக்கில் நின்றவர். எங்கள் ஊரில் ஆமிக்குப் போனவர்கள் குறைவு, அதனால் அதைப் பற்றி அவரோடு கதைக்கவும் ஆள் இல்லை.

திரும்பி வந்து வயல் செய்தார். யானை வருகிற பக்கத்து வயல். யானையைச் சுட்டு விரட்ட லைசன்ஸ் எடுத்து ஒரு துவக்கு வைத்திருந்தார்.

நான் ஸ்கூலை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்த புதிதில் முதன்முதலாகத் துணி கொண்டு வந்தவர் அவர்தான். பையை கேட்டில் தொங்கவிட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிற என்னோடு வெளியில் நின்றே கதைப்பார்.

"ரெண்டு பொக்கட் வெக்கச் சொன்னா ஒண்டுதான் வெச்சிரிக்காய். வெத்திலய எங்க வெக்கிற மகள், காதிலயா?"

நான் சிரிப்பேன். பதில் சொல்ல மாட்டேன்... யாருக்கும் அவ்வளவாகச் சொன்னதில்லை.

ஒருநாள் ரோட்டில் ஒரு பைக்கின் சைலன்சர் வெடித்தது. மாமா கையிலிருந்த சாமானோடு அப்படியே குப்புற விழுந்து படுத்துவிட்டார். மரக்கறியெல்லாம் ரோட்டில்.

சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு, ட்ரெயினிங் இன்னும் மறக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். ஜன்னலுக்குள் நானும் சிரித்தேன்.

அவர் தூங்குவதே இல்லை என்று அவருடைய மனைவி ஜெஸீமா மாமி உம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். உம்மா ஓதின தண்ணீர் கொடுத்தனுப்பினார். மாமி அவரை ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்குக்கும் கூட்டிப் போனார். குளிசை கொடுத்தார்கள், கொஞ்சம் தூங்கவும் செய்தார்.

இரண்டு தரம்தான் போனார். கிளினிக் வரிசையில் அவரைக் கண்ட ஒருவர், தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் முன்னால் "பைத்தியக் கிளினிக்ல இண்டைக்கு எத்தினயாம் நம்பர்?" என்று கேட்டுவிட்டார். பிறகு அவர் போகவில்லை.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி. வாப்பா வயலில். உம்மா மௌத்து வீடொன்றுக்குப் போயிருந்தார். நான் தனியே.

மாமா வந்தார். கையில் பழைய சாரனில் சுற்றிய நீளமான ஒன்று.

"வாப்பா இரிக்காரா?"

இல்லை என்றேன்.

"இத உள்ள வெச்சிக்க ஏலுமா மகள்? கொஞ்ச நாளைக்கி. இது வூட்ட இரிக்கக்கொள எனக்குச் சரி வருதில்ல."

ஆம்பிளைகள் இல்லாத நேரம் எங்கள் வீட்டில் கதவு திறப்பதில்லை. யாருக்கும்தான். அது அவருக்கும் தெரியும், படியில் கூட அவர் கால் வைக்கவில்லை. வாப்பா வந்த பிறகு வாங்க என்றேன்.

"ஓம். நீ சொல்றதும் சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மெஷின் மேலேயே போன் கிடந்தது. வாப்பாவுக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். அதை வாசலில் வைத்துவிட்டுப் போங்க என்றாவது சொல்லியிருக்கலாம்...

வாப்பா வந்த பிறகும் சொல்லவில்லை. தனியாக இருந்த நேரத்தில் ஒரு ஆம்பிளையோடு இவ்வளவு நேரம் கதைத்தாயா என்று கேட்பார்கள் என்ற பயம். அவரே திரும்ப வருவார் என்றும் நினைத்தேன். அவர் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் பக்கத்து வளவு ரசாக் ஹாஜியார் வீட்டில் கலியாணம். மாப்பிள்ளையைக் கூட்டி வரும்போது மாமாவின் வாசலுக்கு நேரே வெடி கொளுத்தினார்கள். அடுத்த சத்தம் துவக்குச் சத்தம்.

ஹாஜியாரின் வலது கையில் பட்டது. அவருக்கு இன்றைக்கும் இரண்டு விரல் மடங்காது.

மாமா துவக்கைக் கீழே போட்டுவிட்டு, பொலிஸ் வரும்வரை நிலத்தில் உட்கார்ந்திருந்தாராம். ரிமாண்டில் நாலு மாதம் இருந்தார். ஹாஜியாரோடு அவருக்கு வேலி விஷயத்தில் ஒரு வாக்குவாதம் இருந்தது. அதை மனதில் வைத்துத்தான் சுட்டார் என்று ஊர் முழுக்கச் சொன்னது. ஹாஜியாரும் நம்பினார்.

எங்கள் வீட்டுக்கு வந்ததை மாமா யாருக்கும் சொல்லவில்லை. பொலிஸிலும் சொல்லவில்லை, மாமியிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் பெயர் வரும்.

பெயிலில் வந்த பிறகு அவர் எங்கள் பக்கம் துணி கொண்டு வரவே இல்லை. ஒரு தடவை கேட்டடியில் என்னைக் கண்டார். குனிந்துகொண்டு போய்விட்டார்.

இன்று ஜனாஸா வீட்டில் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உம்மாவும் அப்போதுதான் கேட்டார். மாமி என்னை ஏசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அவரத் தெரியும் மகள். இத ஹாஜியார்ட்டச் சொல்லு."

ஜனாஸாத் தொழுகைக்கு முன் வீட்டார் ஒருவர் எழும்பி, மௌத்தானவர் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் கேட்பது எங்கள் வழக்கம். தான் வரவும் மாட்டேன், பொருந்தவும் மாட்டேன் என்று ஹாஜியார் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அஸரோடுதான் ஜனாஸாத் தொழுகை. அதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

மாமா... பிந்திவிட்டேன். உங்களை அல்லாஹ் நிம்மதியாகத் தூங்க வைக்கட்டும்.

உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டு முன்மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே, அந்த வியாழக்கிழமை நடந்ததை முதலில் இருந்து சொன்னேன்.