ஆறு பாஷை அம்மாவுக்கு நாங்கள் வைத்த பரீட்சை

எனக்கு என்ன வந்திருக்கிறது என்பதில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு தீர்மானம் இருந்தது. ரத்தம் குறைவு என்றார் மருந்துக்கடைக்காரர். கண் பட்டுவிட்டது என்றார் மாமியார். லைன் இன்ஸ்பெக்டரான என் வீட்டுக்காரரோ, நாற்பது தாண்டினால் இப்படித்தான் ட்ரிப் ஆகும் என்று, ஏதோ டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

நடந்தது இதுதான். நான் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒருநாள் காலை வருகைப் பதிவு எடுக்கும்போது பள்ளியை விட்டு நின்றுபோயும் பதிவேட்டில் இன்னும் அடிக்காத ஒரு பெண்ணின் பெயருக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு பள்ளி வாசலைப் பார்த்தாலே அப்படி ஆனது. மெடிக்கல் லீவு போட்டேன். அது தீர ஒரு மாதம் இருந்தது. அதற்குள் வகுப்பில் நிற்க முடியாவிட்டால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் கடிதத்தை டைப் அடித்தே கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. எனக்கோ கணக்கு எடுப்பதைத் தவிர இந்த உலகத்தில் எதுவும் ஒழுங்காக வராது. சாம்பார் உட்பட.

காரணம் எனக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன், அந்தப் பெண் பள்ளிக்கு வராமல் நின்றுபோவதற்கு முந்தின நாள் மாலை, ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். நான் அரசாங்க ஆப்பில் அறுபது பிள்ளைகளின் ரத்த வகையை ஏற்றிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாவது பிள்ளையில் சர்வர் சுற்றோ சுற்றென்று சுற்றியது. தலையைத் தூக்காமல், "நாளைக்குப் பேசலாம், போ" என்றேன். மறுநாள் விடிகாலையில் செய்யாறு பக்கத்துக் கம்பெனி வேன் ஒன்று வந்து அவளை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டதாக அவள் தோழிகள் சொன்னார்கள். பதினெட்டு வயது முடியட்டும் என்று அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா காத்திருந்தாராம். முடிந்த வாரமே அனுப்பிவிட்டார். அவரிடம் என்னைப் பேசச் சொல்லத்தான் வந்திருப்பாள். நான் பேசியிருந்தால் அனுப்புவது நின்றிருக்கும். அவள் போய்விட்டாள், அவளுடைய ரத்த வகை மட்டும் ஆப்பில் பத்திரமாக இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சென்னையில் படிக்கும் என் மகள்தான் அந்த கவுன்சிலரைப் பிடித்தாள். பெங்களூரில் இருப்பவர், இருபத்தைந்து வருட அனுபவம், ஆறு மொழி பேசுவார், வாரம் ஒருமுறை போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்றாள். ஆறு பாஷை என்றதும் மாமியாருக்கு பக்தியே வந்துவிட்டது. கூடவே ஒரு சட்டமும் வந்தது.

"இன்னா ஏதுன்னு நீயா வாயத் தொறந்துடாத. மலையனூர் கோயில்ல குறி கேக்கறப்போ நாம சொல்றமா? எலுமிச்சம்பழத்தக் கையில குடுத்துட்டு கம்முனு ஒக்காந்தா குறிக்காரம்மா புட்டுப் புட்டு வெக்கிது இல்ல? இந்தம்மாவுக்கு ஆறு பாஷ தெரியும்னா, நம்ம மனசுல இருக்கறது தெரியாதா? சொல்லட்டும் பாப்பம்."

கால்குலஸ் நடத்துகிறவள் நான், சிரித்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. நானாகச் சொல்ல வேண்டாம், அவராகக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்காவிட்டால் குறை அவருடையது.

முதல் வாரம் கூடத்தில் ஸ்டூல் மேல் ஒரு பருப்பு டப்பாவை வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தோம். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள் திரையில் வந்தார். மாமியார் போனுக்கு விபூதி பூசப் போனார், தடுத்துவிட்டேன்.

"எந்த மொழியில பேசினா உங்களுக்கு வசதியா இருக்கும்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

முதுகலை ஆசிரியை அல்லவா, மரியாதை என்ன ஆவது? ஆங்கிலம் என்றேன். என் ஆங்கிலம் லீவ் லெட்டர் எழுதிப் பழகிய ஆங்கிலம். அதில் காய்ச்சல் வரும், உறவினர் கல்யாணம் வரும், ஆகவே விடுப்பு தரும்படி கேட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு மனுஷி அழ முடியாது. ஐம்பது நிமிடம் மிகுந்த பணிவோடு ஒன்றுமே சொல்லாமல் முடித்தேன். முடிகிற நேரத்தில் வீட்டுக்காரர் தலையை நீட்டி, "மேடம், எத்தன சிட்டிங்ல சரியாவும்?" என்று பல் டாக்டரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

இரண்டாவது வாரம் தமிழுக்கு வந்தோம். மாமியார் போனுக்குப் பின்னால், அந்த அம்மாள் கண்ணில் படாதபடி உட்கார்ந்துகொண்டார். தூக்கம் எப்படி என்று கேட்டால் எனக்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார். பள்ளியில் ஏதாவது நடந்ததா என்று கேட்டால் "பாத்தியா, கிட்ட வந்துட்டாங்க" என்று கண்ணாலேயே சொல்வார். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, தன் முழங்கால் வலியைக் கண்டுபிடிக்கிறாரா என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைத் திரையில் காட்டினார். அந்த அம்மாள் காலைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"இது தேறாதும்மா," என்றார் மாமியார் அன்று இரவு சாப்பிடும்போது. "ரெண்டு வாரமா கேட்டுக்கினே இருக்குது. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

மூன்றாவது வாரம் அமாவாசை. மாமியாரும் வீட்டுக்காரரும் ஸ்பெஷல் பஸ் பிடித்து மேல்மலையனூர் போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும். போனில் வந்த அந்த அம்மாள் நேராகவே சொன்னார்.

"மூணு வாரமா நீங்க எனக்குப் பரீட்சை வைக்கிற மாதிரி தோணுது. தப்பா இருந்தா சொல்லுங்க."

அசடு வழிந்தது. குறி விஷயத்தைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் ஃபெயிலுங்க. எனக்கு அதெல்லாம் வராது. நீங்க சொன்னாதான் தெரியும். சொல்லலன்னா நிஜமாவே எனக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதைச் சொல்லவா இருபத்தைந்து வருட அனுபவம்? அந்தக் கோபத்திலேயே வாய் திறந்துகொண்டது. ஆங்கிலமும் இல்லை, பாடப்புத்தகத் தமிழும் இல்லை, நான் பிறந்த வீட்டில் பேசிய பேச்சு.

"அந்தப் பொண்ண நான்தாம்மா தொரத்திட்டேன். வாசப்படில வந்து நின்னுச்சு. போன்னுட்டேன்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது முந்தானை நனைந்திருந்தது. உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்வார், அதை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று வீம்பாகக் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"அவ என்ன சொல்ல வந்தா?"

"நைனாகிட்ட பேசுங்கன்னு கேக்க வந்திச்சு."

"அவ அப்படிச் சொன்னாளா?"

"சொல்லல."

"பின்ன எப்படித் தெரியும்?"

அவளிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றார். எட்டு மாதத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அவமானமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் ஊருக்கு அவலூர்பேட்டை பஸ் ஏறினேன். வழியில் இரண்டு தடவை இறங்கிவிடலாம் என்று எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தேன். அவள் வீட்டு வாசலில் கம்பெனி யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சோப்பு நுரைக் கையோடு எழுந்து நின்றாள்.

"இன்னா டீச்சர், இப்டி எளச்சிட்டீங்க?"

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய்?

"போயிட்டு வரேன்னு சொல்லிக்கலாம்னு வந்தேன் டீச்சர். வேற ஒண்ணுமில்ல. நைனாகிட்ட யார் சொன்னாலும் கேக்காது, அது எனக்கே தெரியும்."

என்னால் அவள் நின்றுபோகவில்லை. மனசு லேசாக வேண்டிய இடம் அது. ஆகவில்லை. அவள் கேட்க வந்தது ஒரு நிமிடம், அதைக்கூட நான் தரவில்லை. அதை அவளிடமே சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். அவள் பதறிப்போய் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க இஸ்கூலுக்கு வர்றதில்லன்னு சொல்றாங்களே, நெசமா? வேலய வுடப் போறீங்களாமே?"

தெரியவில்லை என்றேன்.

"வுட்டுடாதீங்க டீச்சர். எந் தங்கச்சி இப்ப டென்த்து. ஜூன் மாசம் உங்க கிளாசுக்குதான் வருது."

திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போனேன். வாசலில் கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று உள்ளே போனேன்.